ஓமேரின் சைக்கிள் என்றுதான் முதலில் தலைப்பு வைத்திருந்தேன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. சொன்னவள் ஹில்டே, பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் என்னோடு வேலை பார்ப்பவள். சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். அவள் கணவன் லீவன் மட்டும் சிப்பி ஓடுகள் நிரம்பிய சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். திரும்பி வரவேயில்லை. குழாய் ஓடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

ஓமேரின் பழைய ரேஸ் சைக்கிள், அவர் இறந்த பிறகும் கொட்டகையில் ஒரு குதிரையைப் போல

(குதிரை வேண்டாம்.)

இரண்டாவது:

லீவன் நல்லவன்.

(இதுவும் வேண்டாம். நல்லவன்தான். ஆனால் முதல் வரியிலேயே சொன்னால் அவனுக்கு வக்காலத்து வாங்குவது போல ஆகிவிடும்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஓமேர் குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் மனைவி ஆர்லெட்டுக்கு இடுப்பு வலி. லீவன்தான் அவளுக்குப் புல் வெட்டிக் கொடுத்தான், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைத்தான். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஆர்லெட்ம்மா, ஓமேரோட சைக்கிள் ஒண்ணு சும்மாதானே கிடக்கு? நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்கப்பா. கொட்டகை திறந்துதான் இருக்கு."

அவள் கூட வரவில்லை. கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, கனமானது, முன்னால் கூடை வைத்தது. இன்னொன்று வானநீலம், மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன ரேஸ் வண்டி. மேல்குழாயில் பொன்னெழுத்தில் 'ஆர்லெட்' என்று எழுதியிருந்தது. மனுஷனுக்குப் பெண்டாட்டி மேல் எத்தனை பிரியம் என்று லீவன் நினைத்துக்கொண்டான்.*

* இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தை நான் நம்பவில்லை. ஓமேர் ஆறடிக்கு மேல். அந்த நீல வண்டியோ குள்ளமான லீவனுக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது. "கவனிக்கலையா?" என்று அவனிடமே கேட்டேன். "கவனிச்சேன். யோசிக்கல," என்றான். (என் முதல் தலைப்பைப் பாருங்கள். நானும்தான் யோசிக்கவில்லை.)

3

லீவனுக்கு அதைச் சரளைப் பாதையில் ஓட்ட ஆசை. அதற்குத் தடித்த டயர் வேண்டும். பழைய ரேஸ் வண்டியில் சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டையில் அது நுழையாது. ஆகவே சற்றே சிறிய சக்கரங்களை மாட்டினான். பழைய பிரேக் அந்தச் சக்கரத்துக்கு எட்டவில்லை. புதிய பிரேக்கைத் தாங்க, குழாயில் இரும்புக் குமிழ்களைப் பற்றவைக்கச் சொல்லிப் பட்டறையில் கொடுத்தான். வெந்த இடத்தில் வர்ணம் கருகியது. இனி எதற்கு மிச்சம் என்று மொத்த வர்ணத்தையும் மணலடித்துச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் பூசினான். பொன்னெழுத்தும் அதோடு போயிற்று. பழைய இரும்பை மறுபடி ஓடவைக்கிற சந்தோஷத்தில் அந்த வசந்தம் முழுக்க விசிலடித்துக்கொண்டே திரிந்தான் என்றாள் ஹில்டே.

4

ஞாயிறன்று அதை ஓட்டிக்கொண்டே போய் ஆர்லெட்டின் வேலியோரம் நிறுத்தினான். அவள் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து நிமிர்ந்தாள்.

"அட, ஜோரா இருக்கே! புதுசா?"

"இல்லம்மா. நம்ம ஓமேரோடதுதான்."

"ஓமேரோட கூடை வண்டியா? போடா, பொய் சொல்லாத!" சிரித்துக்கொண்டே அருகில் வந்தவள், குழாய்கள் கூடும் மூலையில் விரலை வைத்தாள். சிரிப்பு நின்றது. "இதுல ஏறினா அவருக்கு முழங்கால் ஹேண்டில்பார்ல இடிக்கும்."

லீவன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான்.

"இது என்னோடதுப்பா," என்றாள். கோபமில்லாமல், பக்கத்திலிருப்பவரிடம் மணி சொல்வது போல. "கல்யாணத்துக்கு முன்னாடி ரேஸ் ஓட்டினேன். ஜெயிச்சா ஆம்பளைங்களுக்குக் கோப்பை, எங்களுக்குக் குளியல் துண்டு. அவரு வந்து கைதட்டுவாரு, அவ்வளவுதான். ரொட்டி வாங்கத்தான் சைக்கிள் எடுப்பாரு."

"என்னை மன்னிச்சுடுங்க ஆர்லெட்ம்மா, நான்..."

"நான்தான் கூட வந்து காட்டியிருக்கணும். என் தப்பு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றான் லீவன் என்னிடம். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

5

முடிவுகள்.

அ. ஆர்லெட் அதில் ஏறி உட்கார்ந்து சரளையில் மிதிக்கிறாள், நரைமுடி காற்றில்

(அடித்துவிட்டேன். அவள் இடுப்பு என்னாவது?)

ஆ. லீவன் மறுபடி நீலம் பூசுகிறான். உண்மையிலேயே வர்ண அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டான். "எந்த நீலம்னு எனக்கே ஞாபகம் இல்லையேப்பா," என்றாள். அதன்பின் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இ. வண்டியைக் கொட்டகையில் அதன் பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டு வந்தான். மறுவாரம் அவளே அதை உருட்டிக்கொண்டு வந்து அவன் வாசலில் சாய்த்தாள். "அங்க தொங்கினா யாரோ விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு. ஓட்டு."

ஓட்டுகிறான். ஆனால் ஞாயிறுகளில் அவள் ஜன்னலைத் தாண்ட மனசு வராமல், பின்தோட்டம் வழியாகக் குனிந்து, ஏதோ திருடிக்கொண்டு போகிறவன் போலத் தள்ளிக்கொண்டு போய்ப் புதர் முடிகிற இடத்தில்தான் ஏறுகிறான். மாடியிலிருந்து அவளுக்கு அது தெரியும் என்பது அவனுக்கு வெகுநாள் தெரியாது. ஹில்டேவுக்குத் தெரியும், சொல்லவில்லை.

போன ஞாயிறு மாடி ஜன்னல் திறந்ததாம். ஆர்லெட் வெளியே எட்டிப் பார்த்து அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவன் ஒரு கால் தரையிலும் ஒரு கால் மிதியிலுமாக நின்றானாம். அடுத்து அவள் என்ன சொன்னாள் என்று ஹில்டே சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் என்றேன். நானாக நாலு வசனம் எழுதிப் பார்த்து நாலையும் கிழித்தேன்.

அந்த வண்டியைப் பற்றி அவளைக் கேட்காமலே எல்லோரும் பேசிவிட்டோம். ஜன்னல் திறந்திருக்கிறது. இது அவள் பேச வேண்டிய இடம். நீங்கள் வேண்டுமானால் கீழே நின்று கேளுங்கள்; நான் எழுத