வேதியியலில் ஈ

…அப்படியானால் ஐந்து மணி வரைதான் அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்கும், அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து பேசிய பெண் அதை எவ்வளவு இனிமையாகச் சொன்னாள், ரொட்டி எடுத்து வைத்திருக்கிறேன், கடை சாத்துவதற்குள் வந்து வாங்கிக்கொள் என்பது போல, லோர்னாவும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினாள், போனில் தலையாட்டி யாருக்கு என்ன தெரியப்போகிறது… இப்போது மணி நான்கு பத்து. கார்லைலில் ஏறிய ரயில் அவள் ஊரான மேரிபோர்ட் போய்ச் சேர நாற்பது நிமிடம். இரண்டே பெட்டி, ஜன்னல் கண்ணாடியில் யாரோ தலை சாய்த்துத் தூங்கிய எண்ணெய்க் கறை. ஐந்து மணிக்குள் போன் செய்து 'வருகிறேன்' என்று சொன்னால் ஃபவுண்டேஷன் வருடம். சொல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்து அடுத்த மே மாதம் மறுபடி அதே பரீட்சை. இரண்டில் ஒன்று. இரண்டுமே ஒரு வருடம். ஒரு வருடத்தை எந்தக் குழியில் போடுவது என்பதுதான் கேள்வி, போடுவதா வேண்டாமா என்பது இல்லை.

உயிரியலில் பி, உளவியலில் பி, வேதியியலில் ஈ. நேற்றுக் காலை கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அந்த ஈ மற்ற இரண்டுக்கும் கீழே, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது போல, விரட்டினால் போய்விடும் என்பது போல இருந்தது, அவள் திரையை விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தாள். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற படிப்புக்கு மூன்றிலும் பி கேட்டார்கள். சேர்வதாக இருந்த இடம் பதினைந்தே நிமிடத்தில் வருந்துகிறோம் என்று எழுதிவிட்டது. அப்புறம் காலியிடம் தேடி எட்டு இடங்களுக்கு போன், எட்டாவதுதான் இந்தக் கிழக்குக் கரை ஊர், இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும், அங்கே அதே படிப்புதான், ஆனால் முதல் வருடம் முழுக்க வேதியியலையும் இயற்பியலையும் அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தருவார்கள், அதில் தேறினால்தான் நிஜமான முதல் வருடம். பட்டப்படிப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்திருப்பது மாதிரி. அதில் தப்பில்லை. யார் தப்பென்று சொன்னது? பென்ரித்தில் வேறொருவரோடு வாழப் போய்விட்ட அம்மா நேற்று ஒரே வரி அனுப்பியிருந்தாள், 'போயிடு, யோசிக்காத.' அம்மாவுக்குப் போவது சுலபம். அம்மா யோசிக்காமல்தானே போனாள்.

மறுபடி எழுதுவது என்றால் எப்படி என்று கேட்கத்தான் இன்று படித்த கல்லூரிக்குப் போனாள். பரீட்சைப் பொறுப்பாளர் மிஸ்டர் பியூஷர் விடுமுறையிலிருந்து வந்தவர், மூக்கு நுனி வெயிலில் தோலுரிந்திருந்தது, அவளுடைய தாள்களின் மதிப்பெண்ணைத் திரையில் வரவழைத்தார். "வகுப்பு கிடையாதும்மா, பரீட்சை மட்டும் எழுதிக்கலாம், மூணு தாளும் திரும்ப எழுதணும், படிக்கிறதெல்லாம் உன் பொறுப்பு," என்றார். பிறகு, "முதல் தாள் நல்லாத்தானே பண்ணியிருக்க? ரெண்டாவதுல பாதிக்கு மேல வெள்ளையா விட்டிருக்க. அன்னிக்கு என்ன ஆச்சு? இருபது நிமிஷம் லேட்டுன்னு வேற எழுதியிருக்கு." அவள் தூங்கிப்போய்விட்டேன் என்றாள். "பரீட்சை அன்னிக்கா?" என்று அவர் சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல், "வீட்டுல ஏதாவதுன்னா அப்பவே சொல்லியிருக்கணும் லோர்னா, நாங்க எழுதிப் போட்டிருப்போம், கொஞ்சம் பாத்துப் போடுவாங்க. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். ஒன்றுமில்லை சார், தூங்கிட்டேன். இரண்டாம் முறை சொல்லும்போது அது உண்மை போலவே இருந்தது. பத்து முறை சொன்னால் அவளே நம்பிவிடுவாள், அலாரத்தை அணைத்த விரல்கூட ஞாபகம் வந்துவிடும்.

தூங்கவில்லை. ஜூன் மாதக் காலை, ஏழு ஐம்பது, அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், அவளுக்காக, பரீட்சைக்கு வெறும் வயிற்றோடு போகாதே என்று. கத்தி நின்றது. அவருடைய முகம் ஒரு பக்கமாக எதையோ கேட்பது போலத் திரும்பியது, பிறகு தட்டு, பிறகு நாற்காலி, பிறகு அவர். அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும், ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் புத்தகப் பையைக் கொடுத்து, கைபேசியில் நிமிடம் பார்த்தாள், நான்கு நிமிடம், பையில் இருந்த குறிப்பேட்டில் எச்சில் இறங்கிக்கொண்டிருந்தது. நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "மணி என்ன?" அப்புறம், "போ, நீ போ, பஸ் போயிடும்." அவள் எழுந்தபோது மணிக்கட்டைப் பிடித்தார், லாரி ஓட்டிய கை, இன்னும் வலு போகவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு. இன்னும் மூணே மாசம்." அவ்வளவுதான். ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் காருக்கு லைசென்ஸ் திரும்பக் கொடுப்பார்கள், லாரி இனி இல்லை என்றாலும் கார் உண்டு, முந்தின செப்டம்பரில் பென்ரித் சாலையில் பாலேற்றிய லாரியை ஓட்டும்போது வலிப்பு வந்து அவர் வேலிக்குள் போனதிலிருந்து அந்த ஒரு வருடத்தைத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், தாடி வழிக்காமல், குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்று. ஒன்பது மாதம் கடந்திருந்தது. அவள் கல்லூரியில் காரணம் சொன்னால் அது கடிதமாகும், கடிதம் மருத்துவரிடம் போகும், வருடம் மறுபடி ஒன்றிலிருந்து… அவள் சொல்லவில்லை. தேர்வறையில் கரிமச் சேர்மங்கள், எலெக்ட்ரான் எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போடவேண்டும், அவள் போட்ட அம்பு எங்கெங்கோ போனது, அப்புறம் அவள் போடுவதையே நிறுத்திவிட்டாள். மூன்றாவது தாளுக்கு மனசே ஒட்டவில்லை. போன வாரம் அவர் லைசென்ஸ் படிவம் நிரப்பினார். கடந்த பன்னிரண்டு மாதங்களில் வலிப்பு வந்ததா? 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் உறைக்குள் போட்டு நாக்கால் ஒட்டினார். அதைத் தபால் பெட்டியில் போட்டது அவள்தான்.

விக்டன் ஸ்டேஷனில் ரயில் கதவு திறந்தது, பாலின் ஆன்ட்டி, எதிர் வரிசை வீடு, ஸ்கூலில் சமையல், கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை, இன்றைக்குப் பார்த்து… "என்னடி லோர்னா, நேத்து ரிசல்ட்டாமே! எங்க வீட்டுக் கடைக்குட்டித் துரை ரெண்டுல ஃபெயில், ஒண்ணுல பாஸ். பேரோ ஊர்ல, கப்பல் கட்டற இடத்துல வெல்டிங் கத்துக்கப் போறானாம். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், என்னமோ நிலாவுக்குப் போற மாதிரி. நீ எங்க போற, டாக்டரா?" எக்ஸ்ரே, ஆன்ட்டி. "எதுவோ ஒண்ணு, உள்ள இருக்கிறதெல்லாம் பாப்பீங்க இல்ல, எங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லு." தன் சிரிப்பிலேயே குலுங்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு சாஸேஜ் ரோலை எடுத்து நீட்டினாள், வேண்டாம் என்றால் விடமாட்டாள், லோர்னா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள், சூடு உள்ளங்கையில் ஏறியது. "அப்பா எப்படி இருக்காரு? முந்தாநேத்து ஜன்னல்ல பாத்துக் கை காட்டினேன், துணிக்கடை பொம்மை மாதிரி அசையவே இல்லையே மனுஷன். ஆமா, அடுத்த மாசம் லைசென்ஸ் வருதாமே, நல்லதுடி, அதுக்கப்புறம் சரியாயிடுவாரு, எந்த ஆம்பளையும் வண்டி இல்லாட்டி இப்படித்தான்." ஆமா ஆன்ட்டி. அப்பா கார் எடுக்கப்போகிற அதே தெருவில்தான் பாலின் ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். ஆமா ஆன்ட்டி என்பதைத் தவிர வேறு என்ன சொல்லலாம்? நான்கு நிமிடம் என்று சொல்லலாமா? ஆஸ்பாட்ரியாவில் தங்கை வீட்டுக்கு இறங்கும்போது அவள் லோர்னாவின் கன்னத்தைத் தட்டினாள், விரலில் மாவு வாசனை, "போயிட்டு வா மகளே, எங்களையெல்லாம் மறந்துடாத," எங்கே போகிறாள் என்று கேட்கவே இல்லை, போகாமல் இருப்பாள் என்று யாருக்குமே தோன்றவில்லை.

நான்கு நாற்பது. பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டாள். நீங்கள் வரிசையில் பதினோராவது நபர், காத்திருப்பவர்களுக்கான பியானோ, நீங்கள் வரிசையில் ஒன்பதாவது… ரயில் இரண்டு மேடுகளுக்கு நடுவில் நுழைந்ததும் பியானோ அறுந்தது. மறுபடி போட்டாள், பதினான்கு. போனால் அப்பா காலையில் ரொட்டி தடவும்போது யார் இருப்பார்கள்? இருந்தால், இருந்து என்ன செய்யப்போகிறாள், பக்கத்து அறையில் மூன்று தாளுக்கும் படித்துக்கொண்டே காதை அடுக்களையில் வைத்திருப்பாள், தட்டு உடைகிற சத்தத்துக்காக, அப்புறம் மே மாதம் ஒரு காலை ஏழு ஐம்பதுக்கு… லாரி வேலிக்குள் போன அன்று அவரை ஸ்கேனுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஒலிபெருக்கியில் பேசினாள், அசையாம இருங்க, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல, என்று. அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அடங்கிக் கிடந்தார். அந்தக் குரலாக வேண்டும் என்றுதான் லோர்னா இந்தப் படிப்பையே… எங்கயும் போகல என்று சொல்வதற்கு முதலில் எங்கேயாவது போய்ப் படித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. மேரிபோர்ட் நடைமேடையில் இறங்கி, கடற்காற்று தலைமுடியை வாய்க்குள் தள்ள, நான்கு ஐம்பத்தாறுக்கு நேற்றைய அதே பெண் கிடைத்தாள். "சொல்லும்மா லோர்னா, ஏத்துக்கறியா?" ஒரு வருஷம் அதிகமாகும் இல்லையா, என்றாள் லோர்னா, தெரிந்ததையே. "ஒரு வருஷந்தானேம்மா." கீழே துறைமுகத்தில் யாரோ படகு எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. ஏத்துக்கறேன். "ஆச்சு, மெயில் வரும்," ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு கனத்தை இறக்கி வைத்தால் உடம்பு லேசாக வேண்டாமா? ஒன்றும் ஆகவில்லை. ஆறிப்போன சாஸேஜ் ரோலை நின்றபடியே தின்றாள்.

வீட்டுக்கு ஏறுகிற தெருவில் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்பா, தினமும் போன் பண்றேன்பா, பாலின் ஆன்ட்டி வந்து பாத்துக்குவாங்க… கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. இந்த நேரத்தில் அது காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை, அப்பா, அப்பா என்று படியேறினாள், தரையில் கிடப்பார் என்று தரையையே பார்த்துக்கொண்டு. அம்மாவின் பெட்டிகள் கிடந்த சின்ன அறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டு. முகம் வழித்திருந்தார், தாடையில் ஒரு வெட்டு, அதன் மேல் துணுக்குக் காகிதம். பாதிச் சுவர் வெள்ளையாகியிருந்தது, நடுவில் மேசை, மேசையில் அவளுடைய வேதியியல் புத்தகங்கள், எச்சில் பட்டு நெளிந்த குறிப்பேடுகூட, மேலே சுவரில் இன்னும் காயாத பெயின்டின் மேலேயே ஒட்டிய நாட்காட்டி. "வா வா, உள்ள வா, சுவத்துல சாயாத. உக்காரு. உயரம் சரியா இருக்கா பாரு, மேசைக் காலுக்கு அட்டை வெச்சேன்." அவள் உட்கார்ந்தாள். "நேத்து நீ சொன்னதுலேர்ந்து யோசிச்சேன்டா. எதுக்கு நீ எங்கேயோ போயி அனாவசியமா ஒரு வருஷம்… இங்கேயே இரு. திரும்ப எழுது. சமையல் நான் பாத்துக்கறேன், உன்னை ஒரு வேலை செய்ய விடமாட்டேன்." ரோலரைத் தட்டில் உருட்டினார், பேச்சுக்கு நடுவே ஒரு விசில்கூட அடித்தார். "மே மாசம் நானே கார்ல கொண்டுபோய் விடறேன். இந்தத் தடவை லேட்டாக விடமாட்டேன்." ஜூன் மாதத்துக் காலையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

சொல்லிவிட வேண்டியதுதானே, இப்போதே, அப்பா நான் ஏத்துக்கிட்டேன் என்று, கொஞ்சம் முன்னால்தான் என்று, வாய் திறந்தாள், உள்ளே பெயின்ட் வாசனைதான் போனது. அவர் ரோலரை மேலும் கீழும் ஓட்டுகிறார், தோள் நன்றாக ஏறி இறங்குகிறது, லாரியின் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கத்து சீட்டிலிருந்து அவள் சின்ன வயதில் பார்த்த அதே தோள். மூன்று பி வாங்கவேண்டும் என்று அவள் கண் எரியப் படித்த வருடம் முழுக்க அந்தத் தோள் நாற்காலியை விட்டு எழவில்லை. தேநீர் கொண்டு போய் வைத்தாள், எழவில்லை. கல்லூரியில் பரிசு கொடுக்கிறார்கள் வாங்கப்பா என்றாள், எழவில்லை. ஒரு ஈ வந்ததும் எழுந்து, சவரம் செய்து, கடைக்கு நடந்து போய் பெயின்ட் வாங்கி… அவளால் அவருக்குத் தர முடிந்ததிலேயே அவரை எழுப்பியது இதுதானா? அப்படியென்றால் அவர் நின்றுகொண்டே இருக்க அவள் எத்தனை முறை தோற்க… "என்னடா, சரியா இருக்கா மேசை?" என்றார் திரும்பாமல். சட்டைப்பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. "சரியா இருக்குப்பா," என்றாள் லோர்னா, முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றி, எழுதப்போகிறவள் போல.