பத்தொன்பது மார்க்

நேற்றுவரை உங்களைப் "பாப்பா" என்று கூப்பிட்டவர் இன்று "மேடம்" என்று கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்தாறு வயதில் என்ன பாப்பா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவர் ஏழாம் அறையில் இருப்பவர். பஸ்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோருக்கும் கண்டக்டர் ஐயா. சக்கர நாற்காலியைத் தள்ளினால் "போலாம் ரைட்" என்பார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் போய்விட்டன. நாலு வருஷமாக அவருக்குக் குளியல், சவரம் எல்லாம் என் கையால்தான்.

போன மாதம் ஒரு புதுப்பெண் வேலைக்கு வந்தாள். ஏழாம் அறையை அவள் பொறுப்பில் விட்டார்கள். ஒரே வாரத்தில் அவள் பாப்பா ஆனாள், நான் மேடம் ஆனேன். ஏன் என்று கேட்டதற்கு, ஒரே பஸ்ஸில் ரெண்டு பாப்பா ஏறினால் யாருக்கு டிக்கெட் கிழித்தோம் என்று குழம்பிவிடும் என்றார். சிரித்துவைத்தேன்.

திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவருக்கும் படுக்கைப் புண் வர எவ்வளவு வாய்ப்பு என்று மார்க் போடுவோம். உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், புரளுவது, சாப்பாடு, உராய்வு என்று ஆறு கேள்வி. பள்ளிக்கூடம் மாதிரி இல்லை, இதில் மார்க் குறைந்தால்தான் கவனிப்பு. பதினெட்டோ அதற்குக் கீழோ வந்தால் காற்று மெத்தை போட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

அவள் அவருக்குப் பதினாறு போட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள். சீனியர் கையெழுத்து வேண்டும்.

"அக்கா, இடது குதிகால் செவந்திருக்கு. அழுத்தினா வெளுக்கணும்ல, வெளுக்கவே இல்ல."

வெளுக்காத சிவப்பு என்றால் புண்ணின் ஆரம்பம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மனதில் ஓடியது வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நாள் முழுக்க அவள் அவர் கட்டில் பக்கத்தில்தான் இருப்பாள்.

சாக்ஸ் இறுக்கமாக இருந்திருக்கும் என்றேன். அவர் தானாகவே புரளுவார், நேற்று வந்த உனக்கு என்ன தெரியும் என்றேன். அப்படியென்றால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்றாள்.

போனோம்.

"ஐயா, யாரும் தொடாம நீங்களே திரும்பிப் படுப்பீங்கல்ல?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. செத்த கால் விரிப்பில் தேய்ந்துகொண்டே பின்னால் வந்தது. ஒருவழியாகத் திரும்பிவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பா மானத்தக் காப்பாத்திட்டேன்ல?"

அந்த ஒரு வார்த்தையோடு நான் திருப்திப்பட்டிருக்கலாம். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அவள் கண் முன்னாலேயே புரளுவதில் இருந்த இரண்டை நாலாக்கினேன், உராய்வில் இருந்த ஒன்றை இரண்டாக்கினேன். பத்தொன்பது. கையெழுத்துப் போட்டேன். ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரே காற்று மெத்தை பதினோராம் அறைக்குப் போனது.

"கால் தேஞ்சத நீங்களும் பாத்தீங்கக்கா."

"உனக்கு ஏன்டி பொறாமை?" என்றேன்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு தடவை ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனேன். இரண்டு தடவையும் பாப்பா என்றார். சாக்ஸைக் கழற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் அவருடைய சாக்ஸைக் கழற்றியபோது குதிகால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. புதுத் தாளில் பதின்மூன்று என்று போட்டுக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன்.