மூன்றாவது கிரேனில் ஒரு கைலி

சடையாண்டி ஆல்வினுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் அடித்து முடித்தபோது காலை மணி பத்து. ஆறுக்கு நாலு அளவு. இரண்டு புறா, ஒரு மெழுகுவர்த்தி, நடுவில் கல்யாணத்தன்று எடுத்த சிரித்த முகம். ஆல்வின் செத்துவிட்டானா என்பது மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவன் அவன். அங்கே சண்டை மூண்டதிலிருந்து நாலு நாளாகப் போன் போகவில்லை. நாகல் நகர் நடைப்பயிற்சி வாட்ஸப் குழுவிலோ அந்தத் துறைமுகம் நாளொன்றுக்கு ஏழு தடவை எரிந்து சாம்பலானது. ஒரு வீடியோவில் கப்பல்கள் காகிதம் மாதிரி எரிந்தன; மறுநாள் அதே கப்பல்கள் இடவலம் மாறி எரிந்தன. இதையெல்லாம் பார்த்துத்தான் ஃபிளக்ஸ் கடைக்காரரான சடையாண்டி, வேறு கடைக்காரன் முந்திவிடக் கூடாதென்று அவசரப்பட்டார். ஆல்வின் பெண்டாட்டி அறிவுச்செல்வி தலையசைத்தால் தெருமுனையில் கட்டிவிடுவார்.

அறிவுச்செல்வி தையல் கடை வைத்திருந்தது சுருளிவேலின் வீட்டு முன்னறையில். சுருளிவேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்கால் ஆபரேட்டராகச் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் கழித்து ஓய்வு பெற்றவர். அவர் வத்தலக்குண்டில் தும்மினால் லண்டனில் ‘நூறு’ என்பார்கள். இது அவரே சொன்ன தகவல். அவர் சொல்லும் சிறுமலை வாழைப்பழம் ஒன்றைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். பழனி மலையை ஒரே மூச்சில் பதினோரு தடவை ஏறியதாக எழுதியதற்காக வாட்ஸப் குழு அவரை நீக்கி எட்டு மாதமாகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்கு வந்த தந்தியைப் போனில் வாசிக்கும்போது மட்டும் அவர் ஒரு எழுத்துகூடச் சேர்த்ததில்லை. மாப்பிள்ளை வருகிறான் என்றால் வருகிறான், அவ்வளவுதான். யானைமேல் வருகிறான் என்று சொல்ல நாக்கு எவ்வளவு துடித்தாலும் கடித்துக்கொள்வார்.

குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் போய் உட்கார்ந்தார். அதில் ஒரே முதலாளி கிடையாது. ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் நடத்தும் சின்னச் சின்னத் தளங்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டது. இது எக்ஸ்சேஞ்சேதான். அவர் இருந்த தளத்தை இன்னொரு ஓய்வுபெற்ற டெலிபோன்காரர் நடத்தினார். மொத்தம் நூற்று நாற்பது பேர். சுருளிவேல் கணக்கில் நாற்பதாயிரம்.

அந்தத் துறைமுகத்தின் பெயரைப் போட்டுத் தேடினார். ஊரே தரைமட்டம் என்றவர்கள், ஊருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றவர்கள், எல்லாரிடமும் டிரங்கால் போர்டில் கேட்கிற மாதிரி ஒரே கேள்வி கேட்டார்: நீங்கள் பேசுவது எங்கிருந்து, கண்ணால் பார்த்தீர்களா? பாதிப் பேர் பதில் சொல்லவில்லை. மீதிப் பேர் இன்னும் பெரிதாகச் சொன்னார்கள். புளுகு எங்கே சதை போடும் என்பது சுருளிவேலுக்கு அனுபவத்தில் தெரியும். அவர்களைத் தன் இனம் என்று கண்டு, பிரியத்தோடு ஒதுக்கினார்.

ஒரு பெண் மட்டும் மிச்சம். ஆறு வருடமாக அந்தத் துறைமுகத்தைப் பார்த்த ஒரே சன்னலிலிருந்து கடலையும் தன் பூனையையும் பற்றி எழுதி வந்தவள். நேற்று எழுதியிருந்தாள்: ‘இரண்டு மணி நேரம் கரண்ட் வந்தது. எண்ணெய்க் கிடங்குப் பக்கம் புகை. கிரேன்கள் நிற்கின்றன. ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாது.’ இன்னொரு தளத்திலிருந்து ஒரு நர்சும் புகை கிடங்குப் பக்கம்தான் என்றாள். ஆனாலும் அந்தத் ‘தெரியாது’தான் சுருளிவேலைப் பிடித்து நிறுத்தியது. அப்படி ஒரு வார்த்தையை அவர் தன் ஆயுளில் எழுதியதில்லை.

முன்னறைக்கு ஓடினார்.

“கிரேனெல்லாம் நிக்குதாம் தாயி.”

அறிவுச்செல்வி தலை நிமிரவில்லை. மிஷின் முன்னால் நாலு நாளாகத் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். “பெரியப்பா, போன மாசம் கொடைக்கானல் ரோட்டுல காட்டுமாடு உங்களுக்கு சல்யூட் அடிச்சுச்சுன்னீங்க.”

“அது வேற.”

“வாய் அதே வாய்தான.”

சுருக்கென்றது. மெதுவாகக் கேட்டார். “அவன் கிரேனுக்கு அடையாளம் ஏதும் உண்டா?”

“மூணாவது கிரேனு. கண்ணாடி வழியா வெயில் கொல்லுதுன்னாரு. அவரு கைலியவே வெட்டி, நாலு மூலைலயும் நாடா வச்சுத் தச்சுக் குடுத்தேன். பச்சைக் கட்டம். காலைல கட்டுவாரு. சாயந்தரம் அவுத்துட்டுப் போயி, அதையே விரிச்சுப் படுப்பாரு.”

மூன்றாவது கிரேன் கண்ணாடியில் துணி ஏதும் தெரிகிறதா என்று சுருளிவேல் அந்தச் சன்னல் பெண்ணுக்குத் தனியாக எழுதினார். படம் எடுப்பது ஆபத்து, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன் என்று பதில் வந்தது.

மறுநாள் மதியம் சடையாண்டி ஃபிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஏலே சுருளி, அந்தப் புள்ளைட்ட நீயாச்சும் சொல்லு. எம்புட்டு நாளைக்கு வச்சிருக்குறது?”

“கட்டு, யாரு வேண்டாம்னா? உன் கடை வாசல்ல கட்டு. மூஞ்சிய மட்டும் மாத்தி உன்னுதப் போட்டுக்க.”

சடையாண்டி ஃபிளக்ஸ் சுருளை முன்னறைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தார். போகவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. சுருளிவேல் முதலில் தானே மூன்று முறை படித்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனார். முதுகு தானாக நிமிர்ந்தது. கதை சொல்லும் குரல் இல்லை. தெருவில் யாரும் கேட்டிராத ஒரு தட்டையான குரல்.

“காலை ஏழு மணி. மூன்றாவது கிரேன். கண்ணாடிக்குள் பச்சைத் துணி. கட்டம் போட்டதா என்று இங்கிருந்து தெரியவில்லை. மாலை ஆறு மணி. துணி இல்லை. ஆளைப் பார்க்கவில்லை. செய்தி முடிந்தது. மறுபடி வாசிக்கட்டுமா?”

“வாசிங்க.”

வாசித்தார். எழுத்துக்கு எழுத்து அதே.

“இதுல நீங்க சேத்தது எவ்வளவு பெரியப்பா?”

“ஒரு எழுத்து இல்ல தாயி.”

“கட்டம் தெரியலன்னு போட்டிருக்கே.”

“நானா இருந்தா கட்டத்த எண்ணியே சொல்லிருக்க மாட்டனா?”

 அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு புதுக் கைலியை எடுத்தாள். அதுவும் பச்சைக் கட்டம்.

“இந்நேரம் அவரு கட்டுறது வெளுத்துப் போயிருக்கும்,” என்றாள்.

துணி வெட்டத் தரையில் விரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. சுவரோரம் சாய்ந்திருந்த சுருளை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்குமாறு உதறி விரித்தாள். படியிலிருந்து சடையாண்டி எட்டிப் பார்த்தார். முதுகுப்பக்கம் பளீரென்ற வெள்ளை. அதன்மேல் கைலியைப் பரப்பி, மண்டியிட்டு, மூலைக்கு ஒன்றாக நாடாவுக்கு நீலச் சாக்குக்கட்டியால் குறி வைக்க ஆரம்பித்தாள்.