திரும்பி வந்த கப்பல்கள்

அந்தக் கம்பெனி கட்டிய கப்பல்கள் ஆயுள் முடிந்ததும், ஓட்ட ஆளில்லாமல் தாமாகவே, கட்டிய துறைக்கே திரும்பி வந்தன. மேஸ்திரிதான் அதற்குக் காரணம் என்று ஊருக்கே தெரியும். கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது, அடியில் முட்டுக்கொடுத்த கடைசிக் கட்டையைச் சம்மட்டியால் தட்டிவிடுவது அவர் வேலை. தட்டுமுன் இரும்பில் உள்ளங்கையை வைத்து, "போயிட்டு வா" என்பார். "கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு நாளாவது இப்படிக் குழைஞ்சதுண்டா?" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

எந்தப் புயலிலும் மூழ்காத கப்பல் என்று பேர் பரவி, ஆர்டர்கள் குவிந்தன. புதுத் தெருக்கள் முளைத்தன. வெல்டர்கள்கூட மாடி எடுத்துக் கட்டினார்கள். பல வருடம் கழித்து முதல் கப்பல் திரும்பியபோது பேண்டு வாசித்து வரவேற்றார்கள். அடுத்தடுத்து வந்தவை துறையின் வாயை அடைத்துக்கொண்டன. உடைக்க விற்றாலும் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து நின்றன. புதிதாகக் கட்டியதை இறக்கத் தண்ணீரில் இடமில்லை.

முதலாளி மேஸ்திரி வீட்டுக்கே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னாத்தான் கேக்கும், மேஸ்திரி. வராதேன்னு சொல்லி அனுப்பிடுங்க."

"பெத்த பிள்ளைய யாராவது அப்படிச் சொல்வாங்களா, முதலாளி?"

"வாய்வார்த்தைதானே, சொல்லிட்டு வாங்க. கம்பெனி இருந்தாத்தான் நமக்குச் சோறு," என்று மனைவிதான் அவரைக் கிளப்பினாள்.

ஒவ்வொன்றிடமாகச் சொன்னார். அவை மறுபேச்சில்லாமல் போயின. ஒவ்வொன்று போனபோதும் அவர் வீடு வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசிக் கப்பல் போன அன்று வரவேயில்லை. தேடிப் போனவள், தெருமுனையில் வீட்டைப் பார்த்தபடி நின்றவரைக் கண்டாள்.

"வழியெல்லாம் தெரியுது. கால்தான் வரமாட்டேங்குது," என்றார்.

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த கப்பலை இறக்கியபோது மேஸ்திரி இரும்பில் கை வைத்தார். "போயிட்டு" என்பதோடு குரல் நின்றுவிட்டது. அது முதல் புயலிலேயே மூழ்கியது. ஆர்டர்கள் நின்றன. முதலாளி ஊரை விட்டுப் போனார். மாடி வீடுகளில் வாடகைக்கு வரவும் ஆளில்லை.

"நான்தானே போகச் சொன்னேன்," என்று அவள் ஒருமுறை உடைந்து அழுதாள்.

"நீ சொல்லலேன்னா முதலாளி விட்டிருப்பாரா? அழாத," என்றார் அவர்.

எந்தப் பக்கமும் அவரால் நடக்க முடிந்தது, வீட்டுப் பக்கம் தவிர. சாயங்காலமானால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவரைத் தேடிக் கிளம்புவாள். "இன்னிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம்க்கா," என்பார் சைக்கிள் கடைக்காரர், பஞ்சர் ஒட்டிக்கொண்டே, நிமிராமல்.