இரண்டு தட்டினால் போ

"இறங்குடி சுண்டெலி. அம்மா வந்தாச்சு."

"என் ஷூ கழண்டு கழண்டு வருதுக்கா."

"வீட்டுல போய்ச் சரி பண்ணிக்கலாம். நட."

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது வேன் அக்காவின் வேலை. பக்கவாட்டுத் தகரத்தில் அவள் ஒருமுறை தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள் போடும் கூச்சலில் ஓட்டுநருக்கு வேறெதுவும் காதில் ஏறாது.

ஐந்து வயதுச் சுண்டெலியை அம்மா நின்ற பக்கமாக விட்டுவிட்டுத் திரும்பினாள். பின்சீட்டில் இரண்டு பயல்கள் சண்டை.

"அவன் தலையை விடுடா! மாடா நீ, முட்டுறே?"

பிரித்துவிட்டு இறங்கினால், அம்மா தனியாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்கம்மா?"

"நீங்கதானே இறக்கணும்?"

"இறக்கிட்டேனே! இப்பதானே உங்ககிட்ட விட்டேன்!"

அம்மாவின் முகம் வெளிறியது. "ஐயோ, வண்டியை நிறுத்துங்க!" என்று ஓடிவந்து தகரத்தைப் படபடவென்று தட்டினாள்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

"தட்டாதீங்க!" வேன் அக்கா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டுக்கு மேல தட்டினா போயிடுவாரு!"

"என் பாப்பா... கையை விடுங்க!"

விடவில்லை. இன்னொரு கையால் ஓங்கி ஒரே ஒரு தட்டு. மறுபடி தட்டத் துடித்த விரல்களை மடக்கிக்கொண்டாள்.

வண்டி நின்றது.

வேன் அக்கா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பின்சக்கரத்துக்கு முன்னால் வெள்ளை சாக்ஸ் போட்ட ஒரு கால்.

"சுண்டெலி, அக்காவைப் பாரு. அந்தப் பக்கம் ரோடு. போகாதே. என் பக்கமா வா."

"ஷூ மாட்டிக்கிச்சுக்கா."

"கெடக்கட்டும். விட்டுட்டு வா."

"அம்மா திட்டுவாங்க."

"திட்டமாட்டேன்டி," என்றாள் அம்மா. "வந்துடு கண்ணு."

தவழ்ந்து வந்தவளை அம்மா வாரி எடுத்துக்கொண்டாள்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "என்னக்கா, போகச் சொல்றீங்க, நிக்கச் சொல்றீங்க?" என்றவர் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த ஷூவைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடதுண்ணே. கையில பிடிச்சுக் குடுக்காம திரும்பிட்டேன்."

அவர் எழுந்து போய் வண்டியை எடுத்தார்.

அடுத்த வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி, ஜன்னல் வழியே நீட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"புள்ள கை வீட்டு ஆள் கைக்குப் போனப்புறம் குடுங்க. இந்தத் தட்டுற வேலையே வேணாம்."

பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது.

"அடிக்கட்டும்க்கா. கை வலிச்சா தானா நிறுத்துவான்."

வேன் அக்கா சாவியை ஒரு கையில் பொத்திக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"பிடிடா, முட்டுற மாடு. இறுக்கிப் பிடி."