மிதவைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்

"நான் பிடிக்காட்டி அவள் தண்ணிக்குள்ள தாண்டுபோயிருப்பாள் எண்டு..."

"ஆர் தாழுறது? பச்சைக் கொடி பறக்குது, சுத்திவர மிதவைக் கயிறு, உயரக் கதிரையில காவலுக்கு ஒருத்தன். குழந்தையளே நீந்துது..."

"என்னைக் கொஞ்சம் கதைக்க விடு, வெரோனிக்கா."

"கதையுங்கோ. படமே கதைக்குது."

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து வீட்டுக் குசினி மேசையில், அன்றுதான் கழுவி வந்த மயோர்க்காப் படங்கள் பரவிக் கிடந்தன. யூரோக் காசு வந்ததற்கு அடுத்த கோடை விடுமுறையில் இரண்டு குடும்பமுமாகப் போய்வந்த ஸ்பெயின் தீவுக் கடற்கரை. மேலே கிடந்த படத்தில் அவள் புருசன் ஞானப்பிரகாசம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவருடைய உள்ளங்கைகளின்மேல் குப்புறப் படுத்துக் காலடித்துக்கொண்டிருந்தாள், வெரோனிக்காவின் தங்கை பிறேமா.

வெரோனிக்கா இன்னொன்றை இழுத்தெடுத்தாள். வாழைப்பழம் மாதிரி நீண்ட றப்பர் வள்ளம். முன்னால் அவர், பின்னால் பிறேமா.

"இதில இடுப்பைக் கட்டிப்பிடிச்சதும் தாழாமல் இருக்கவோ?"

"அது இழுத்துக்கொண்டு பறக்கிற வள்ளம். படமெடுத்ததே அவளின்ர புருசன்தானே."

"அவன் பாவம். எடுத்ததுமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு கொண்டந்தும் தாறான்."

மன்னார்க் கடலில் மீனோடு மீனாகக் கிடந்த கதையைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் சொல்லிவந்தார். ஒருநாள் அந்தக் கைகளில் தானும் மிதக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருந்தவள் வெரோனிக்கா. மிதந்தது பிறேமா. முதல் படத்தின் ஓரத்தில், குடைக்குக் கீழே, புட்டும் மீன்பொரியலும் கட்டிவந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊதாப் பொட்டுத் தெரிந்தது. அதுதான் இவள்.

"முதல் நாள் உன்னைத்தானே கேட்டனான், வாறியோ எண்டு. 'எனக்கு ஏலாது, நீங்கள் போங்கோ' எண்டு சொன்னது ஆர்?"

சொன்னாள்தான். ஆர் வீட்டிலும் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் அவள் முதலில் சொல்வாள். கேட்டவர்கள் திரும்பவும் கேட்பார்கள், பிறகு வாங்கிக் குடிப்பாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன பிறேமாவுக்கு அந்தச் சோலி இல்லை. "வாறன் அத்தான்" என்று துவாயை எறிந்துவிட்டு ஓடினாள்.

"உனக்குத் தண்ணியெண்டால் பயமாக்கும் எண்டு நினைச்சன்."

"நினைச்சியள்."

ஞானப்பிரகாசம் படங்களை ஒன்றாக அடுக்கினார். குரல் இறங்கியது. "சரி, விடு. வாற கிழமை இஞ்சத்தை ஷ்விம்பாத் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீந்துற உடுப்பு ஒண்டு வாங்குவம்."

வெரோனிக்கா எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரிக் கதவு திறந்து மூடுவது கேட்டது. திரும்பி வந்து, கரும்பச்சை நீச்சலுடை ஒன்றை அவர் அடுக்கிய படங்களின்மேல் வைத்தாள்.

"அங்க நிண்ட அவ்வளவு நாளும் இதைச் சட்டைக்குள்ள போட்டுக்கொண்டுதான் குந்தியிருந்தனான். ஏனப்பா, இன்னொருக்காக் கேட்டிருக்கக்கூடாதோ?"