போர்த்தாத பாரம்

கல் குவாரியின் எடைமேடையில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காவின் கணவர்தான். அங்கே பதினெட்டு வருடமாக டிப்பர் ஓட்டுகிறவர். பாரம் ஏற்றிய வண்டி மேடையில் வந்து நிற்கும். அவள் எடை பார்த்து, சீட்டைக் கொடுத்து, கேட்டைத் திறந்துவிட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவருடைய வண்டி வந்தபோது ஜல்லி விளிம்புக்கு மேலே குவிந்திருந்தது. தார்ப்பாய் சுருட்டியபடியே கேபினுக்குப் பின்னால் கிடந்தது.

"மாமா, தார்ப்பாய் போர்த்தலையா?" என்று ஜன்னல் வழியே கேட்டாள்.

"இந்தா பக்கத்துல, பாலத்து வேலைக்குத்தானே? நான் ஏறி, இழுத்துக் கட்டுற நேரத்துல கொட்டிட்டே வந்துருவேன். திறம்மா, பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாரு."

அவள் திறந்தாள்.

நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. முஷ்டி அளவு கல் ஒன்று தெறித்து, பின்னால் வந்த காரின் முன்கண்ணாடியைத் துளைத்தது. ஓட்டி வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். மருத்துவமனை போய்ச் சேருமுன்பே உயிர் பிரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மாமாவுக்கு எதுவும் தெரியாது. ஜல்லியைக் கொட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போலீஸ் வந்து விஷயத்தைச் சொன்னது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "கட்டித்தான் சார் கிளம்பினேன். வழியில கயிறு அறுந்துடுச்சு." குவாரி முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லலடி. கவனிக்கலைன்னு மட்டும் சொல்லு."

"கவனிச்சேனேக்கா. வாயைத் திறந்து கேட்டேனே."

"அது உங்க ரெண்டு பேருக்கும்தானே தெரியும்? அப்பா போனப்புறம் உன் கல்யாணத்தை யாருடி முன்ன நின்னு நடத்தினது?"

அவள் மறக்கவில்லை.

விசாரணை அறையில் மாமா முன்வரிசையில் இருந்தார். ஒரே வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. கடைசி பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி, கைப்பையை மடியில் அணைத்தபடி.

"வண்டி உங்க கேட்டைத் தாண்டினப்ப மூடியிருந்துச்சா?" என்றார் அதிகாரி.

மாமா அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். போர்த்தலையான்னு கேட்டேன். பக்கத்துலதானேன்னாரு. பார்த்துக்கிட்டே திறந்துவிட்டது நான். அதையும் எழுதிக்கங்க."

பிறகு மாமா மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "அவ சொல்றது நிஜம் சார். கயிறு அறுந்துபோகலை. நான் கட்டவே இல்லை."

வெளியே வராந்தாவில் மெக்கானிக்கின் மனைவி அவளை நிறுத்தினாள்.

"பக்கத்துலதானேன்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

"நாங்களும் பக்கத்துலதான் போயிட்டிருந்தோம். எனக்கு மூக்குக்கண்ணாடி மாத்த." அவள் திட்டவில்லை, அழவில்லை. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். எடைமேடைக்காரிக்கு அவள் இரண்டு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை முதல் வண்டியே திறந்த பாரத்தோடு வந்தது. அவள் சீட்டைக் கொடுத்தாள், கேட்டைத் திறக்கவில்லை. பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைக் கிழித்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"எடை பார்க்கிறதுதானேம்மா உன் வேலை?"

"பார்த்துட்டேன் சார். போர்த்தினா திறக்கிறேன்."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய்விட்டார். டிரைவர் அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு மேலே ஏறினான். தார்ப்பாயை விரித்து நான்கு மூலையும் கட்டினான். அவள் திறந்தாள்.

வழக்கு முடிந்து மாமாவுக்கு ஒன்றரை வருடம் சிறை. லைசென்ஸும் போயிற்று. அக்கா காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இவள் வேண்டுமென்றே மத்தியானம் போவாள்.

"அக்கா பேசினாளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார் அவர்.

"இன்னும் இல்லை மாமா."

"பேசுவா. என்மேல இருக்கிற கோவமும் சேர்த்துத்தான் உன்மேல காட்டுறா. நீ விட்டுடாதே, போய்ப் பாரு."

அவள் தலையாட்டிவிட்டுப் பேருந்து பிடிக்கக் கிளம்புவாள்.